மகப்பேறு விடுப்பில் தகப்பனுக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மகப்பேறு விடுப்பை இரண்டு முறை எடுத்தவள். முதல் விடுப்பு எங்கள் வீட்டில் பெரிய மனத்தாங்கலில் முடிந்தது. இரண்டாவது விடுப்பு முடிந்தபோது எங்கள் குழந்தையைத் தாயும் தகப்பனும் சேர்ந்தே வளர்த்துக்கொண்டிருந்தோம். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். பேறுகாலத்தை எதிர்நோக்கியிருக்கும் குடும்பங்களுக்கும், விடுப்பு விதிகளை வகுப்பவர்களுக்கும் பயன்படலாம் என்ற நம்பிக்கையில் அதை எழுதுகிறேன்.

என் மகள் 2017இல் பிறந்தாள். தமிழக அரசின் பெண் ஊழியர்களுக்கு ஆறு மாதமாக இருந்த மகப்பேறு விடுப்பு, அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒன்பது மாதமாக உயர்த்தப்பட்டிருந்தது. மகன் பிறந்தது 2022 செப்டம்பரில். அதற்குள் விடுப்பு 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதமாகியிருந்தது. இந்த இரண்டு உயர்வுகளாலும் நேரடியாகப் பயனடைந்தவள் என்ற நன்றியுணர்வு எனக்கு என்றைக்கும் உண்டு. என் கணவர் தனியார் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளர். இரண்டு பிரசவத்திலும் அவருக்கு ஒரு நாள்கூடச் சம்பளத்துடன் விடுப்புக் கிடைக்கவில்லை; மகள் பிறந்த அன்றைக்கு அவர் மருத்துவமனையில் இருந்த நாளின் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே குழந்தைக்காக, ஒரே வீட்டில், தாய்க்கு 365 நாள் என்றால் தகப்பனுக்கு ஒன்றுமே இல்லை.

என் விடுப்பை இன்னும் நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த விடுப்புக் காலம் முழுவதையும் தாய்க்கும் குழந்தைக்கும் மட்டும் உரியதாக ஒதுக்கிவிட்டு, தகப்பனை வாசலில் நிறுத்திவைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் நாளில்தான் தெரிகிறது.

முதல் பேறுக்கு வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் காரமடையில் உள்ள தாய்வீட்டுக்குப் போனேன். குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம்தான் மலைக்குத் திரும்பினேன். காரமடைக்குப் போகும் வழியில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை மலைப்பாதையில் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனாலும் இரவு ஷிப்டில் இருக்கும் ஒருவருக்கு அது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கடக்க முடிகிற தூரமாக இருந்தது. மழையில் மரம் சாய்ந்தால் அந்த ஞாயிறும் இல்லை. காலையில் பழப் பையோடு வருவார். திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள். அது லேசாக முகம் சுளித்தாலும், "குடுங்க மாப்பிள்ளை, இன்னும் கழுத்து நிக்கலை" என்று அம்மாவோ சித்தியோ வாங்கிக்கொள்வார்கள். மாலை நான்கு மணி பேருந்துக்கு அவர் கிளம்பிவிடுவார். அந்த ஐந்து மாதங்களில் அவர் குழந்தையைத் தனியாகத் தூக்கி வைத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு பகல் பொழுது தேறாது. விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அனைத்தையும் அவருக்குச் செய்தோம், தகப்பனாக இருக்க மட்டும் விடவில்லை.

அதில் என் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மலைக்குத் திரும்பி வந்த பிறகு குழந்தைக்கு அவர் துணி மாற்றினால் நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவர் தோளில் போட்டுத் தட்டினால் "அப்படியில்லைங்க" என்று வாங்கிக்கொண்டேன். என் தாய்வீட்டில் அவருக்குச் செய்ததையே நானும் செய்துகொண்டிருந்தேன், ஒருநாளும் அதை உணரவில்லை. நான்கைந்து முறை இப்படி நடந்த பிறகு எந்த மனிதரும் தானாகக் கை நீட்டமாட்டார். அவரும் அழுகை கேட்டால் என்னைக் கூப்பிடுவது என்ற அளவில் ஒதுங்கிக்கொண்டார்.

விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்பிய முதல் வாரத்தில், வீட்டோடு இருந்த என் மாமியார் ஒரு துக்க வீட்டுக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. இரவு வேலை முடித்து வந்த கணவர் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது. அடுத்த பாட வேளையில் இரண்டாவது அழைப்பு. மூன்றாவது அழைப்பில் குழந்தையின் வீறிடல் மட்டும்தான் கேட்டது, அவர் பேசவே இல்லை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "ஒரு நாள் பிள்ளையைப் பார்த்துக்க முடியாதா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒன்பது மாதமாக நாங்கள் யாரும் கற்றுக்கொள்ள விடாத வேலையை அவரிடம் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கேள்வியின் கசப்பு எங்களிடையே ஓராண்டுக்கு மேல் இருந்தது.

இரண்டாவது முறை கருவுற்ற ஐந்தாம் மாதமே நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். நான் தாய்வீட்டுக்குப் போகவில்லை, அம்மாதான் மலைக்கு வந்தார். உறவினர்களுக்கு இது எளிதில் ஏற்புடையதாக இல்லை. "மாப்பிள்ளை வீட்டில் போய் மாமியார் தங்கலாமா?" என்று கேட்டவர்கள் உண்டு. அம்மாவுக்குக் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மூன்று மாதம் இருந்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததைவிட என் கணவருக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அதிகம்.

குழந்தையைக் குளிப்பாட்டுவதை எடுத்துக்கொள்கிறேன். மணையில் உட்கார்ந்து கால்களை நீட்டி, குழந்தையை முதலில் குப்புறக் கிடத்தி முதுகுக்கு நீர் வார்த்து, பிறகு மல்லாத்தி, நெற்றிக்குக் குறுக்கே கையைக் கூரைபோல் வைத்துக்கொண்டு, கண்ணிலும் காதிலும் நீர் இறங்காமல் தலைக்கு ஊற்ற வேண்டும். நம் வீடுகளில் இது பாட்டிமார்களின் வித்தை. ஆண்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை. என் கணவர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் பார்த்தார். அடுத்த வாரம் அம்மா தண்ணீர் ஊற்ற, அவர் காலில் குழந்தை கிடந்தது. முழங்கையை நனைத்துச் சூடு பார்ப்பதையும், மலைக் குளிரில் வெந்நீர் விரைவில் ஆறிவிடும் என்பதால் துண்டு, சட்டை, குல்லா எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பதையும் அவர் பழகிக்கொண்டார். இருபதாவது நாளோ என்னவோ, தலைக்கு நீர் விழும்போது குழந்தை அழாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்றிருந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் ஊரில் துணி உலர்வது எவ்வளவு பாடு என்று மலைவாசிகளுக்குத் தெரியும். மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் விடாது. இரவு வேலை முடித்து விடியற்காலையில் வருபவர், தேயிலைத் தூள் படிந்த சட்டையை மாற்றி, கைகால் கழுவிக்கொண்டு, குழந்தைத் துணிகளை ஒவ்வொன்றாக இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தி அடுக்கிவிட்டு, ஆறிலிருந்து எட்டு மணி வரை குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். எனக்கு அந்த இரண்டு மணி நேர உறக்கம்தான் நாளின் மீதியைத் தாங்கிப் பிடித்தது. பிரசவத்துக்குப் பிறகு பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம் கண்ணயர வழி செய்பவர் ஒருவர் இருந்தால் அந்தப் பெண் எவ்வளவோ தாங்குவாள் என்பது என் அனுபவம்.

பால் கொடுப்பது தாயால் மட்டுமே ஆகும், அதனால் தகப்பனுக்கு அங்கே வேலையில்லை என்று சொல்வார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பீய்ச்சி எடுத்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடை எனும் சிறு கிண்ணியில் புகட்ட யாராலும் முடியும். புட்டிப்பால் வேண்டாம் என்று சொன்ன கிராம சுகாதார செவிலியர்தான் பாலாடையைச் சாய்த்துப் பிடிக்கும் விதத்தை அவருக்கு நேரில் காட்டினார். நான் பள்ளிக்குத் திரும்பிய பின்னும் அதுவே கைகொடுத்தது.

அடுப்படியில் ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். இது முழுக்க முழுக்க அவருடைய யோசனை. தொழிற்சாலையில் வாடவைத்த தேயிலை எத்தனை மணிக்கு உருட்டும் இயந்திரமான ரோலருக்குப் போனது என்று எழுதி வைக்காமல் போனால் அடுத்த ஷிப்ட்காரர் எப்படி வேலையைத் தொடங்குவார் என்று கேட்டார். அதன்படி, கடைசியாகப் பால் குடித்தது 3.40, சிறுநீர் இரண்டு முறை, வைட்டமின் டி சொட்டு கொடுத்தாயிற்று, வலது காதுக்குப் பின்னால் சிவந்திருக்கிறது என்று யார் குழந்தையை வைத்திருந்தாரோ அவர் எழுதி வைத்துவிட்டுத்தான் உறங்கப் போவார். இது மிகச் சிறிய செயலாகத் தோன்றலாம். ஆனால் தாயிடம் கேட்டுத்தான் எதையும் செய்ய முடியும் என்ற நிலை அந்த நோட்டால் மாறியது. எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவருக்கும் தெரிந்திருந்தது.

தடுப்பூசி அவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அவருடைய வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து புதன்கிழமைக்கு மாற்றித் தரும்படி தொழிற்சாலையில் கேட்டார். சம்பள விடுப்புத் தர மறுத்தவர்கள் இதற்குச் சம்மதித்தார்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் மூன்றுக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனவர் அவர்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் அவர் ஒருவரே ஆண். முதல் முறை எல்லோரும் "அம்மா வரலீங்களா?" என்று கேட்டார்களாம். எந்தத் தொடையில் ஊசி போட்டார்கள், காய்ச்சல் மருந்து எத்தனை சொட்டு, எப்போது மறுபடி தரலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும், எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். அந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரியவர்களின் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுவது, குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது இரண்டையும் செவிலியர் வேண்டாம் என்றிருந்தார். மாமியாருக்குச் சாம்பிராணி இல்லாமல் குளியல் நிறைவு பெறாது. மகள் பிறந்தபோது இதை மறுத்துப் பேசியவள் நான். அது மருமகள் பேச்சாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது, என் கணவர் நடுவில் நின்று மௌனமாக இருந்தார். மகன் பிறப்பதற்கு முன்பே, அவர் வீட்டாரிடம் பேச வேண்டியதை அவர் பேசுவது, என் வீட்டாரிடம் பேச வேண்டியதை நான் பேசுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். "அம்மா, புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாதாம், நம்ம கைச்சூட்டிலேயே தலையைத் துவட்டிடலாம்" என்று என் கணவர் சொன்னபோது மாமியார் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பெற்றோர் இருவரும் ஒரே பேச்சாக இருந்தால் பெரியவர்கள் நாம் நினைப்பதைவிட எளிதாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

தாய்வீட்டுப் பேறுகாலத்தை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். ஓய்வென்பதே இல்லாத புகுந்த வீடுகளில் வாழும் பெண்களுக்கு அந்தச் சில மாதங்கள்தான் உடல் தேறக் கிடைக்கும் காலம். குடித்துவிட்டு வரும் கணவனின் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுங்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். போகிறவர்கள் போகட்டும். ஆனால் அங்கே தகப்பன் வந்து நான்கு நாள் தங்க ஓர் இடமும், குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு வாய்ப்பும் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஐந்தாம் மாதம் என்பதை மூன்றாம் மாதமாக்கினால் விடுப்பில் இன்னும் சில மாதம் மீதமிருக்கும்போதே மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம்.

எனக்கு ஓராண்டு விடுப்பு இருந்ததால் இவ்வளவையும் நிதானமாகச் செய்ய முடிந்தது. எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களில் பலர் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2025 நவம்பரில் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும் வரை, தோட்டங்களுக்கும் பொருந்தியது. 2017இல் செய்த திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமும் அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 12 வாரமும் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளாவது அதே இடத்தில் வேலை செய்திருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் தோட்டம் மாறும் தினக்கூலிப் பெண்களால் அந்த 80 நாளைக் காட்டுவது அரிது. அவர்களுடைய கணவன்மார்களுக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. இந்தக் குடும்பங்களில் தகப்பனைப் பார்த்து "நீயும் குழந்தையைப் பார்" என்று அறிவுரை மட்டும் சொல்வதில் நியாயமில்லை. அந்த நாளின் கூலிக்கு வழி செய்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அதே 2017 திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் காப்பகத்துக்கு நான்கு முறை போகும் உரிமை தாய்க்குத்தான், தகப்பனைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு, இரண்டு குழந்தைகள் வரை, பிரசவத்தையொட்டியோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளோ 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தைமை விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. 2017இல் நாடாளுமன்ற உறுப்பினர் ராஜீவ் சாதவ் தனிநபர் மசோதாவாகத் தந்தைமை நல மசோதா ஒன்றை மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவியின் பிரசவத்துக்காக விடுப்புக் கேட்ட காவல் ஆய்வாளர் ஒருவரின் வழக்கில், தந்தைமை விடுப்புக்கெனத் தனிச் சட்டம் தேவை என்பதை எடுத்துச் சொன்னது. நார்வே நாட்டில் 1993இலேயே தகப்பனுக்கென்று நான்கு வாரத்தை ஒதுக்கி, அவர் எடுக்காவிட்டால் அது குடும்பத்துக்கே கிடைக்காது என்று விதி செய்தார்கள். தாய்க்கு மாற்றித் தர முடியாது என்ற அந்த ஒரு நிபந்தனைதான் ஆண்களை வீட்டுக்கு அழைத்து வந்தது.

தமிழக அரசு தன் ஆண் ஊழியர்களுக்கு அப்படியொரு விடுப்பை அளித்து முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த விடுப்பை ஒரே மூச்சில் எடுத்துத் தீர்க்கச் சொல்லாமல், பிரசவத்தின்போது சில நாள், தாய் வேலைக்குத் திரும்பும் வாரத்தில் சில நாள் என்று பிரித்து எடுக்க இடம் தர வேண்டும். எங்கள் அனுபவத்தில் அவர் மிகவும் தேவைப்பட்டது அந்த இரண்டாவது கட்டத்தில்தான். கர்ப்பிணிகளைப் பரிசோதனைக்கு அழைக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஒரு முறையாவது கணவரையும் உடன் வரச் சொல்லி, பாலாடை பிடிப்பதையும் குழந்தையைத் தூக்குவதையும் காட்டித் தரலாம். ஏற்கெனவே அதையெல்லாம் அறிந்த செவிலியர்கள் அங்கே இருக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் நான் பள்ளிக்குத் திரும்பிய நாளில் மகன் அவரிடம்தான் இருந்தான். அன்று என் கைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. நானாக மதிய இடைவேளையில் அழைத்தபோது, குழந்தை உறங்குகிறது, மெதுவாகப் பேசு என்றார். மாலையில் வந்து நோட்டைத் திறந்து பார்த்தேன். ராகிக் கூழ் பாதிக் கிண்ணம், பாலாடை மூன்று முறை, 12.10 முதல் 2.00 வரை உறக்கம் என்று அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது.

சட்டம் வர நாளாகலாம். அதுவரை நீலகிரியில் உள்ள தேயிலைத் தொழிற்சாலை, விடுதி, கடை உரிமையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் வேலை செய்யும் ஒருவருக்குக் குழந்தை பிறந்திருந்தால், அடுத்த சில மாதங்களுக்கு அவருடைய வார விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக் கொடுங்கள். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.